காக்கை சம்பந்தமான வெளியுறவுக் கொள்கை

செந்துறையிலிருந்து கிழக்கே போகிற டவுன் பஸ் குழிக்காட்டோடு நின்று திரும்பிவிடும். அதற்கு அப்பால் போக ஊரும் இல்லை, ரோடும் இல்லை, முந்திரிக்காடுதான். இப்படிப்பட்ட ஓர் ஊரைப் பற்றி வாஷிங்டன் நகரத்தில் ஒரு கொள்கை இருந்தது என்றால் குழிக்காட்டிலேயே யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தது. ஒன்று போய் ஒன்றாகப் பல இருந்தன. எல்லாமே ஒரு காக்கையைப் பற்றியவை.

எழுபதாம் வருஷம் அது. குழிக்காடு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு அமெரிக்காவிலிருந்து வந்தது. உடைத்த கோதுமை, மஞ்சள் சோள மாவு, தகர டின்னில் எண்ணெய். இவற்றைக் கொண்டுவந்து சேர்க்க ‘நேசக்கரம்’ என்று ஒரு ஸ்தாபனம். அதன் கிளை அலுவலகம் அரியலூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்தது. கள அதிகாரி வைத்திலிங்கம் சித்திரை வெயிலிலும் டை கட்டுவார். பஸ்ஸில்தான் வருவார், ஆனால் இறங்கும்போது காரிலிருந்து இறங்குவதுபோல் இறங்குவார்.

சமைக்கிறவள் கொளஞ்சியம்மாள். அவளுக்குப் புருஷன் இல்லை, நிலம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. அந்தக் கொட்டகையும் அடுப்பும் இருந்தன. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அன்றைக்கு அதுதான் சாப்பாடு என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அரை வயிற்றோடு ஒரு பிள்ளையையும் எழுந்திருக்க விடமாட்டாள்.

உப்புமாவை இறக்கியதும் முதல் கைப்பிடியைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குட்டிச்சுவரில் வைத்து, “கா... கா...” என்று கூப்பிடுவாள். காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கரண்டியை எடுப்பாள். அடுப்பு எரிகிற எந்த வீட்டிலும் உள்ள வழக்கம் என்பதால் யாரும் இதைக் கவனித்ததில்லை. வைத்திலிங்கமும் தன் வீட்டில் இதைப் பார்த்து வளர்ந்தவர்தான். ஆனால் டை கட்டியிருக்கும்போது அவருக்கு வீட்டு ஞாபகம் வராது.

“இந்தாம்மா, என்ன இது?”

“காக்காய்க்கு வைக்கிறேன் சார்.”

“காக்காய்க்கா? இது அமெரிக்க மக்கள் இந்தியக் குழந்தைகளுக்குக் குடுத்ததும்மா.”

“புள்ளைங்களுக்குத்தான் சார். காக்கா வாய் வச்சாத்தான புள்ளைங்களுக்குப் போட முடியும்?”

“யாரு சொன்னது?”

“இதை யாரு வந்து சொல்லணும்? எங்க மாமியாதான் சார் காக்காயா வருது. உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் என் கை சோத்தை நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இப்ப பாருங்க, மழையானாலும் மொத ஆளா வந்துருது.”

வைத்திலிங்கம் எழுதிக்கொண்டார்: “பட்டியலில் இல்லாத ஒருவர் உணவு பெற்று வருகிறார். சமையற்காரியின் உறவினர். இறந்தவர். பறக்கக்கூடியவர்.”

இந்தக் குறிப்பு அரியலூரிலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து டில்லிக்கும் டில்லியிலிருந்து வாஷிங்டனில் உள்ள நேசக்கரத் தலைமைக்கும் போயிற்று. போன இடத்திலெல்லாம் ஓர் அதிகாரி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தார். சென்னையில் காக்கை ‘மூன்றாம் தரப்பு’ ஆயிற்று. டில்லியில் ‘செல்வாக்குள்ள மூன்றாம் தரப்பு’. கடலைத் தாண்டி இறங்கும்போது அது ‘பிராந்திய சக்தி’ ஆகிவிட்டிருந்தது.

பதிலாக ஒரே ஒரு கேள்வி வந்தது. இந்தச் சக்தி யார் பக்கம்?

கேள்வியை எடுத்துக்கொண்டு வைத்திலிங்கம் தலைமையாசிரியர் பஞ்சநாதனிடம் போனார். பஞ்சநாதன் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். எதையும், “ஆமாம் சார், ஒரு வகையில்” என்று ஒப்புக்கொண்டுவிடுவார்.

“இந்தக் காக்கா எங்கெங்க போகுது?”

“எல்லா எடத்துக்கும் போகும் சார், ஒரு வகையில். பிள்ளையார் கோயில். கறிக்கடை. அப்புறம் பஸ் திரும்புற எடத்துல விவசாயக் கூலிச் சங்கம் இருக்கில்லீங்களா, அந்தக் கொடிக்கம்பம்.”

வைத்திலிங்கத்தின் பேனா நின்றது. “சிவப்புக் கொடியா?”

“கொடி செவப்புதான் சார். காக்கா கறுப்பு.”

“அங்க உக்காந்து என்ன செய்யுது?”

“அங்கேருந்து பாத்தாத்தான் சார் நம்ம சொவரு தெரியும்.”

காக்கை சிவப்புக் கொடியில் தங்கி, அமெரிக்கக் கோதுமையை வேவு பார்க்கிறது என்று தெளிவாயிற்று. அடுத்த மாதமே முதல் கொள்கை வந்து சேர்ந்தது. அதன் பெயர் கட்டுப்படுத்துதல். குட்டிச்சுவருக்கு வெளியே நீளமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோட்டைக் காவல் காக்க, முந்திரிக்காட்டில் கூலி வேலை செய்துகொண்டிருந்த அமாவாசையை நியமித்து, கையில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்தார்கள். பதவியின் பெயர் எல்லைக் கண்காணிப்பாளர். சம்பளமாகக் காலி எண்ணெய் டின்.

வைத்திலிங்கம் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துப் பேசினார். “எங்களுக்கு யார் மேலும் விரோதம் கிடையாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் காக்கைக்குப் பூரண சுதந்திரம் உண்டு. எங்கே எப்படிச் சுதந்திரமாக இருக்கலாம் என்பதை நாங்கள் சொல்லுவோம், அவ்வளவுதான்.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டி முடித்தால் சாப்பாடு என்று நினைத்தார்கள்.

காக்கை வரவில்லை. காக்கை வராமல் கொளஞ்சியம்மாள் கரண்டியை எடுக்கவில்லை. தட்டுகள் வரிசையில் நின்றன. வெயில் மேற்கே சாய்ந்து, உப்புமா கல்லாக இறுகி, சின்னப் பிள்ளை ஒன்று நின்றபடியே தூங்கிச் சாய்ந்தது.

“அக்கா, நான் என்னதான் பண்றது?” என்றான் அமாவாசை. “அவரு வெரட்டச் சொல்றாரு. நீ வரட்டுங்கிற. எனக்கு டின்னு வேணும்.”

“நீ வெரட்டுடா, யாரு வேண்டாங்கறது? மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு வெரட்டு.”

மறுநாளிலிருந்து அமாவாசை முந்திரிக்காட்டைப் பார்த்துக் கழியைச் சுழற்றி, “சூ! சூ!” என்று கத்தினான். அவன் முதுகுக்குப் பின்னால் காக்கை தின்றது. கட்டுப்படுத்தும் கொள்கை முழு வெற்றி என்று வைத்திலிங்கம் எழுதினார். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

எழுபத்தொன்று கடைசியில் கிழக்கே எங்கோ யுத்தம். அமெரிக்கக் கப்பல் ஒன்று வங்காள விரிகுடாவுக்கு வருகிறது என்று டீக்கடை ரேடியோ சொன்னது. குழிக்காட்டிலிருந்து கடல் தெரியாது. ஆகவே ஊருக்குக் கப்பல் வரவில்லை, லாரிதான் வந்தது. ஆட்கள் இறங்கிக் கோதுமை மூட்டைகளை லாரியில் ஏற்றினார்கள். கொளஞ்சியம்மாள் கொட்டகை வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

“சார், நாளைக்கு ஒலை வைக்கணும் சார்!”

“நட்பு அப்படியே இருக்கும்மா. அதுல ஒரு மாத்தமும் இல்ல. சோத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறோம்.”

“எங்கயோ சண்டை போட்டா இந்தப் புள்ளைங்க என்ன சார் பண்ணுச்சுங்க?”

வைத்திலிங்கம் பொறுமைசாலி. விளக்கமாகவே சொன்னார். “பிள்ளைங்க மேல எங்களுக்குக் கோவமே கிடையாதும்மா. டில்லி மேலதான் கோவம். ஆனா டில்லியை அடிக்க முடியுமா? அது பெருசு. திருப்பி அடிக்கும். கோவம்னு ஒண்ணு வந்துட்டா அதை எங்கயாவது எறக்கி வைக்கணும் இல்லியா? அதான் இங்க எறக்குறோம்.”

மூட்டைகளோடு அமாவாசையின் டின்களையும் ஏற்றிக்கொண்டு லாரி போயிற்று.

அதற்கப்புறம் வந்த காலத்தைப் பற்றி நேசக்கரத்தின் ஆண்டறிக்கையில் ஒரு வரியும் இல்லை. சொல்வதற்கு அதிகம் இல்லைதான். பிள்ளைகள் கொஞ்ச நாள் பழக்க தோஷத்தில் தட்டோடு வந்தார்கள். பிறகு தட்டில்லாமல் வந்தார்கள். பிறகு பல பேர் ஆடு மேய்க்கப் போனார்கள். கொளஞ்சியம்மாள் வீடு வீடாகப் போய் ஒரு கை கம்பு, அரைக் கை கேழ்வரகு என்று மடியில் வாங்கி வந்து கூழ் காய்ச்சினாள். “என்ன கொளஞ்சி, அமெரிக்கா கையை விரிச்சிருச்சாமே?” என்று கேட்டுக்கொண்டே போட்டார்கள். கூழ் சில நாள் எல்லோருக்கும் வந்தது. பல நாள் வரவில்லை. வராத நாட்களில் அவள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் பானையையே தேய்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு அமெரிக்காவுக்கும் சிவப்பு நாடுகளுக்கும் சிநேகம் வந்தது. பெரிய மனிதர்கள் பறந்து போய் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். அந்தக் குலுக்கல் குழிக்காட்டுக்கு வந்து சேரச் சில வருஷங்கள் பிடித்தன. வந்தபோது மூட்டைகளோடும், திருச்சியிலிருந்து ஒரு ஜீப்போடும், ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரரோடும் வந்தது.

இப்போது கொள்கை, பதற்றத் தணிப்பு. காக்கையோடு நேரடிப் பேச்சுவார்த்தை நடத்துவதென்று முடிவாகியிருந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு அதன்மேல் இரண்டு நாற்காலி போட்டார்கள். ஒன்று வெள்ளைக்காரருக்கு, ஒன்று காக்கைக்கு. காக்கை சுவரிலேயே இருந்துகொண்டது. அதைக் கௌரவப் பிரச்சினை ஆக்க வேண்டாம் என்று வெள்ளைக்காரர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். இங்கிலீஷைத் தமிழாக்க வைத்திலிங்கம், தமிழைக் காக்கைக்குச் சொல்லக் கொளஞ்சியம்மாள் என்று ஏற்பாடு.

வெள்ளைக்காரர் நிதானமாகப் பேசினார். வைத்திலிங்கம் சொன்னார்: “நமக்குள் வேறுபாடுகள் உண்டு. ஆனால் அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆற்றல் நம் இருவருக்குமே உண்டு. அந்த ஆற்றலைப் பரஸ்பரம் மதித்து நடந்தால் உலகத்தில் சமாதானம் நிலவும். தட்டு வைத்திருப்பவர்களின் கருத்தைப் பிற்பாடு கேட்டுக்கொள்ளலாம்.”

எல்லோரும் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார்கள்.

“கா” என்றாள்.

காக்கை வந்து ஒரு வாய் எடுத்தது. உடன்படிக்கை கையெழுத்தாயிற்று என்று கைகுலுக்கினார்கள். போகிற போக்கில் அது வெள்ளைக்காரரின் பேனா மூடியையும் கொத்திக்கொண்டு போனதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சிநேக காலத்தில் இப்படிச் சில்லறை விஷயங்கள் நடக்கும் என்று வைத்திலிங்கம் விளக்கினார். தட்டு வைத்திருந்தவர்கள் அன்றைக்கு மூன்று மணிக்குச் சாப்பிட்டார்கள்.

அந்தக் கொள்கையும் போயிற்று. எழுபத்தெட்டில் வேறொரு வெள்ளைக்காரர் வந்தார். ஒல்லியானவர், மெல்லிய குரல். ஜீப்பிலிருந்து இறங்கியதுமே மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று தெரியாததால் ஊரார், “பரவால்ல சார், விடுங்க” என்றார்கள்.

தங்கள் நாட்டில் புது அரசாங்கம் வந்திருப்பதாகவும், அது சோற்றைவிட உரிமையைப் பெரிதாக மதிப்பதாகவும் அவர் சொன்னார். உரிமையை முதலில் பிள்ளைகளிடம் சோதித்தார். கரண்டி தட்டுக்கு மேலே வந்து நின்ற நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும், “உன்னை யாராவது கட்டாயப்படுத்திச் சாப்பிட வைக்கிறார்களா?” என்று கேட்கச் செய்தார்.

ஒரு பையன் உண்மையைச் சொன்னான். “எங்கம்மா சார். பள்ளிக்கூடத்துலயே வயிறு முட்டத் தின்னுட்டு வந்துரு, வூட்டுல வந்து சோறு கேட்டீன்னா தோலை உரிச்சிருவேன்னு சொல்லும்.”

வெள்ளைக்காரரின் கண் கலங்கிவிட்டது. பையனின் உரிமையைக் காப்பாற்ற அவன் தட்டை உடனே வாங்கி வைத்துவிட்டார்கள். அவன் அழுதான். விடுதலை அடைந்தவர்கள் முதலில் அப்படித்தான் அழுவார்கள் என்றார் வெள்ளைக்காரர். கொளஞ்சியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அடேய், மத்தவனுங்களாச்சும் வாயை மூடிக்கிட்டு ஆசையாத் திங்கிறேன்னு சொல்லுங்கடா!” என்று அதட்டினாள். அதட்டியதற்காக அவள்மேல் ஒரு குறிப்பு எழுதப்பட்டது.

அடுத்தது காக்கை. முதல் கைப்பிடி எப்போதும் காக்கைக்கே போவது சர்வாதிகாரம் என்றும், பறவைகளுக்குள் தேர்தல் நடத்தாமல் இனிக் கோதுமை கிடையாது என்றும் அவர் சொன்னார். மைனா, குருவி, காக்கை வேட்பாளர்கள். சுவரின் நடுவில் வைத்த கைப்பிடியை முதலில் யார் எடுக்கிறார்களோ அவர் வென்றவர். பஞ்சநாதன் விசில் ஊதினார்.

அணில் ஜெயித்தது.

“மக்களாட்சியில் எங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு” என்று வெள்ளைக்காரர் ஊரைக் கூட்டிச் சொன்னார். “அதனால்தான் இந்த முடிவை ஏற்க முடியவில்லை. நாங்கள் எதிர்பார்த்தவர் வருகிற வரைக்கும் தேர்தலை எத்தனை தடவை வேண்டுமானாலும் நடத்தும் பொறுமை எங்களுக்கு உண்டு. அதுவரை மூட்டை அரியலூரிலேயே இருக்கும்.”

“அணிலு தின்னா என்ன கொறஞ்சு போச்சாம் சார்?” என்றாள் கொளஞ்சியம்மாள். “அதுக்குந்தான் பசிக்கும்.”

“அணில் பறவை இல்லம்மா. அரசியல் சட்டம் இடம் குடுக்காது” என்றார் வைத்திலிங்கம்.

கடைசியில் அமாவாசையே பொறுக்க முடியாமல், பழைய மூங்கில் கழியைத் தேடி எடுத்து, ஜனநாயகத்தை மீட்டுக் கொடுத்தான். மறுதேர்தல் அன்று சுவர்ப் பக்கம் அணில் தலைகாட்டவில்லை. மைனாவும் குருவியும்கூடத் தலைகாட்டவில்லை. காக்கை அமோக வெற்றி பெற்றது. சுதந்திரமாகவும் நியாயமாகவும் நடந்த தேர்தல் என்று சான்றிதழ் வந்தது. சான்றிதழ் வந்த லாரியிலேயே கோதுமையும் வந்தது.

எண்பத்தொன்றில் கொள்கை மறுபடியும் திரும்பியது. சிவப்பு நாட்டுப் பட்டாளம் எங்கோ ஒரு மலைநாட்டுக்குள் புகுந்துவிட்டதால், சிவப்பை யார் கொத்தினாலும் அவர் அமெரிக்காவுக்கு உடன்பிறப்பு என்று ஆகியிருந்தது. இந்த முறை வந்தவர் கனத்த ஆள். தலையில் பெரிய தொப்பி, எதிரே வருகிறவர்களின் முதுகையெல்லாம் தட்டுவார். பஸ் திரும்பும் இடத்தில் ஜீப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். சங்கத்தின் கொடிக்கம்பத்தில் காக்கை உட்கார்ந்து, கூடு கட்டுவதற்காகக் கொடியிலிருந்து நூலை உருவிக்கொண்டிருந்தது.

“அது என்ன செய்கிறது?”

வைத்திலிங்கத்துக்கு இத்தனை வருஷத்தில் மொழிபெயர்ப்பு கைவந்திருந்தது. “செங்கொடியைக் கிழித்தெறிகிறது, சார்.”

கனத்த ஆள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

பதினைந்தே நாளில் புதுக் கொள்கை வந்துவிட்டது. எந்தக் கொள்கையும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை. வைத்திலிங்கம் அதைப் பள்ளிக்கூடத்து மரத்தடியில் நின்று வாசித்தார். “குழிக்காட்டுக் காக்கை ஒரு விடுதலை வீரர். அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் எங்கள் உதவி முழுவதும் இனி நேரடியாகப் போகும். இடைத்தரகர்கள் நீக்கப்படுவார்கள்.”

“இடைத்தரகர்னா யாரு சார்?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“இவ்வளவு நாளும் நடுவுல நின்னு தின்னவங்க.” வைத்திலிங்கம் தாளைப் பார்த்துக்கொண்டார். “பிள்ளைங்கதான்.”

தட்டோடு நின்ற வரிசை எதுவும் புரியாமல் அவள் முகத்தையே பார்த்தது.

“அப்ப இதுங்க எல்லாம் எங்க சார் போவும்?”

“பிள்ளைங்களுக்கு விரோதமா இந்தக் கொள்கையில ஒரு வார்த்தை கிடையாதும்மா. பிள்ளைங்களைப் பத்தியே ஒரு வார்த்தை கிடையாது.”

“ஆக்குறதாச்சும் நான்தான ஆக்கணும்?”

“நீதான் ஆக்கணும். பானை அதே பானைதான். சுவர் மேல உக்காந்திருக்கிறவங்களுக்கு மட்டும் போடணும். தரையில நிக்கிறவங்களுக்கு ஒரு பருக்கை போனாலும் திட்டம் ரத்து. சார் நேர்ல உக்காந்து பாக்கப் போறாரு.”

“சொவரு மேல உக்காந்திருந்தாப் போதுமா?”

“அதான் விதி. எழுதியிருக்கு.”

“வேற ஒண்ணும் எழுதலியே?”

“இல்ல.”

“சரி சார்” என்று கொளஞ்சியம்மாள் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

அன்று மத்தியானம் கனத்த ஆள் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைத்திலிங்கம். அவருக்குப் பக்கத்தில் பஞ்சநாதன். விடுதலை வீரர் வந்தார். இரண்டு வாய் எடுத்தார். மூன்று தோழர்களும் ஆளுக்கொரு வாய் எடுத்தார்கள். நான்கு பேரும் கறிக்கடைப் பக்கம் பறந்து போய்விட்டார்கள். பானை முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது.

கொளஞ்சியம்மாள் அமாவாசையைப் பார்த்தாள். அமாவாசை தன் மகள் மலர்கொடியை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் குட்டிச்சுவரில் உட்கார வைத்தான். ஒன்றாம் வகுப்பு, பல் விழுந்த வாய். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை. அப்புறம் இன்னொன்று. பெரிய பிள்ளைகள் தாங்களே தாவி ஏறினார்கள். சுவர் நிறைந்துவிட்டது. காலைத் தொங்கவிட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கனத்த ஆள் வெகு நேரம் பார்த்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். பிறகு கையிலிருந்த கொள்கையைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். தலை முடிவு செய்துவிட்டதைக் கண் மறுத்துப் பேசுகிற வழக்கம் அவர் ஸ்தாபனத்தில் இல்லை.

“நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள்” என்றார் திருப்தியோடு. “இயக்கம் வளர்கிறது.”

வைத்திலிங்கம் டையைத் தளர்த்திக்கொண்டார். “ஆமாம் சார், ஒரு வகையில்” என்றார் பஞ்சநாதன்.

கொளஞ்சியம்மாள் பானையோடு சுவரோரமாக நடந்து தட்டுக்கு ஒரு கரண்டி போட்டாள். பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். முதலில் முடித்தவள் மலர்கொடி. தட்டை வழித்து நக்கிவிட்டு, தெளிவான குரலில், “ஆயா, எனக்கு இன்னுங் கொஞ்சம்” என்றாள்.

கனத்த ஆள் நாற்காலியில் நிமிர்ந்தார். வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “அது பேசியதா?”

கனத்த ஆள் எழுந்து சுவரை நோக்கி நடக்கத் தொடங்கினார். எல்லாத் தட்டும் அப்படியே நின்றது.

கொளஞ்சியம்மாள் மலர்கொடிக்குத் தட்டில் ஏதோ பார்ப்பதுபோல் குனிந்தாள்.

“பேசாதடி தங்கம்” என்றாள் காதோரமாக. “மனுசப் புள்ளன்னு தெரிஞ்சுதுன்னா சோத்தைத் தூக்கிட்டுப் போயிருவான்.”

மலர்கொடி, பக்கத்தில் வந்து நின்ற பெரிய தொப்பியை அண்ணாந்து பார்த்தாள். பானையைப் பார்த்தாள். தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“கா” என்றாள்.